விறகுக்குள் ஒளித்த டீ பெட்டி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் வாக்கப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவர் துபாயில் ஒரு வீட்டில் டிரைவர். லீவில் ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் அவர் கொடுத்தனுப்பிய பையில் சோப்பு, தைலத்தோடு ஒரு டீ பெட்டியும் இருந்தது. சாக்லேட்டும் புதினாவும் கலந்த மூலிகை டீ. வேலை பார்க்கும் வீட்டம்மா பிரிக்காமலே கொடுத்ததாம்.

அப்போது என் நாத்தனார் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். மாமியார் அவளுக்குப் போடும் சாப்பாட்டில் அவ்வளவு கண்டிப்பு. பப்பாளி என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது.

மாமியார் களை பறிக்கும் ஆட்களைப் பார்க்க வயலுக்குப் போனதும் நாங்கள் டீ போடுவோம். முதல் நாள் பையைக் கிழித்துப் பாலில் கொட்டிக் கொதிக்க வைத்துக் கெடுத்தோம். அப்புறம்தான் வெந்நீரில் நூலோடு தொங்கவிடக் கற்றுக்கொண்டோம். சாக்லேட் வாசனை மூக்கில் ஏறும், குடித்தால் தொண்டையில் குளுகுளுவென்று புதினா இறங்கும். அவளுக்கு நெஞ்செரிச்சல் இருந்ததால், "குடி, நல்லா கேக்கும்" என்று நான்தான் தினமும் டம்ளரை நீட்டினேன். பெரிய வைத்தியர் மாதிரி.

பத்து நாள் போனது. ஒரு மதியம் சும்மா பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். பத்தாவது படித்த எனக்கு அதில் இரண்டே வார்த்தைதான் புரிந்தது. ஒன்று கர்ப்பிணி, இன்னொன்று டாக்டர். நடுவில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்காமல் பெட்டியைக் கொல்லையில் விறகுக்குள் செருகினேன்.

மறுநாள் காலையில் நாத்தனார் அடுப்படிக்கு வந்தாள். "அண்ணி, நேத்து ராத்திரிலேர்ந்து புள்ள அசையவே இல்ல" என்றாள்.

ஐப்பசி மழை. ரோட்டில் தண்ணீர் ஓடியதால் ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் ஆமை மாதிரி ஊர்ந்தது. மாமியார் மகளின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அது நான் கொடுத்த விஷம்தான் என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. நான் சாமியைக் கும்பிட்டது பிள்ளைக்காகவா, மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "என்ன சாப்பிட்டாங்க?"

"வீட்டுச் சாப்பாடுதாங்க. வேற எதுவும் குடுக்கறதில்ல" என்றார் மாமியார்.

நான் பேசியிருக்க வேண்டும். மாமியாருக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

படுத்திருந்த நாத்தனார்தான் சொன்னாள். "வெளிநாட்டு டீ ஒண்ணு குடிச்சேங்க டாக்டர். சாக்லேட்டும் புதினாவும் போட்டது. அண்ணி வேணாம்னுதான் சொன்னாங்க, நான்தான் கேக்கல."

டாக்டரம்மா பிள்ளையின் துடிப்பு கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார். வெறும் இரைச்சல். நகர்த்தி வைத்தார். அப்போது கேட்டது, குதிரை ஓடுகிற மாதிரி படபடவென்று. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அரை மணியில் பிள்ளை உதைத்தது. டீயால் வந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் வயிற்றுப் பிள்ளைக்காரி எதையும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் மாமியார் மகளைத் திட்டிக்கொண்டே வந்தார். "அண்ணி சொன்னா கேக்க மாட்டியா? அவளுக்கு இருக்கிற பொறுப்பு உனக்கு இருக்கா?" நான் தலை குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் தனியாக இருந்தபோது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளிடம் கேட்டேன்.

"புள்ள பொறந்ததும் நான் என் வீட்டுக்குப் போயிடுவேன் அண்ணி. நீங்க இங்கதானே இருக்கணும்" என்றாள்.

தன் பிள்ளைக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியாத நேரத்திலும் அவள் என்னை நினைத்திருக்கிறாள். நானோ என்னை மட்டும்தான் நினைத்தேன், டீயைக் கொடுத்தது நான்தான் என்று இன்றுவரை மாமியாரிடம் சொல்லவும் இல்லை.