முப்பதாயிரத்து முப்பத்தொன்று

சிவப்பு எனாமல் பெயிண்டும் டீசலும் கலந்த வாடை சோற்றில்கூட ஏறிவிடும். அந்தமானில், எங்கள் டாலிகஞ்ச் வீட்டில் அது அடித்தால், அப்பா தன் சின்ன மீன்பிடிப் படகான "டிங்கி"யின் முகப்பில் பதிவு எண்ணைப் புதுப்பித்துவிட்டார், நாளை கடலுக்குப் போகிறார் என்று பொருள். 30031.

எட்டாம் வகுப்பில் பகா எண்கள் பாடம் நடந்தபோது அதை இரண்டால் வகுத்தேன், ஒன்று மிஞ்சியது. மூன்றால், ஐந்தால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்தாலும் அதே ஒன்று. இந்த ஆறையும் பெருக்கினால் 30030, அதோடு ஒன்று கூட்டியதுதான் அப்பாவின் எண் என்று கண்டுகொண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எது மோதினாலும் உடையாது, ஒன்று மிஞ்சியே தீரும், அந்த ஒன்று அப்பா என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "ஒன்னோட நம்பரு வந்து எஞ்சின் ஓட்டுமாடி?" என்றான் அண்ணன். அம்மாவுக்கோ பயம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த அவளுக்கு, படகு வெளியே இருக்கையில் வீட்டில் யாரும் எதையும் எண்ணக்கூடாது, சட்டியில் கிடக்கும் மீன் துண்டைக்கூட. "கடல்ல போனவுகள கணக்குப் பண்ணாத. அது மாதா பாத்துக்கிடுற கணக்கு" என்பாள்.

ஒருநாள் காலையிலேயே "மௌசம் கராப்" ஆனது, காற்றும் மழையும். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பல்கள் எல்லாம் கேன்சல். அப்பா அந்தப் பக்கம்தான் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. அண்ணன் படகு ஜெட்டிக்கும் வீட்டுக்குமாக அலைந்தான், அம்மா ஜெபமாலையை விடவில்லை. எனக்கோ, பதின்மூன்றோடு நிறுத்திவிட்டோமே, வர்க்கமூலம் வரை, அதாவது 173 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்த்தால்தானே உறுதி என்பது அப்போதுதான் உறைத்தது. காலண்டர் தாளைக் கிழித்து உட்கார்ந்தேன். பதினேழில் ஒன்பது மிஞ்சியது, பத்தொன்பதில் பதினொன்று. தகரக் கூரை படபடக்க வகுத்துக்கொண்டே போனேன். ஐம்பத்தொன்பதில் எதுவுமே மிஞ்சவில்லை. மறுபடி போட்டேன். ஐந்நூற்று ஒன்பது தடவை, மீதி சுழி.

அம்மாவின் பேச்சை மீறி எண்ணியதால்தான் உடைந்தது என்று எனக்குப் பட்டது. தாளைக் கசக்கி உள்ளங்கைக்குள்ளேயே வைத்திருந்தேன். வியர்வையில் அது கூழாகிப்போனது.

மறுநாள் மதியம் அப்பா வந்தார். ஹேவ்லாக்கின் காற்று மறைவில் நங்கூரம் போட்டுக் கிடந்தாராம். நான் அழுதுகொண்டே உளறியதைக் கேட்டுக்கொண்டே சட்டையைப் பிழிந்தார்.

"ரெண்டாத்தானடி ஒடஞ்சிருக்கு? பெருக்குனா திரும்ப வந்துருமில்ல. போயி சோறு போடச் சொல்லு."

அன்றைக்கு அம்மா மீன் துண்டுகளை வாய்விட்டு எண்ணி வைத்தாள்.

அந்த டிங்கி இப்போது இல்லை. புதிய ஃபைபர் படகுக்கு வேறு எண், அதை ஸ்டிக்கராக ஒட்டிவிட்டார்கள், பெயிண்ட் வாடையும் போயிற்று. நான் "மெயின்லேண்டில்" கணிதம் படிக்கிறேன். புயல் எச்சரிக்கை தீவில் இருப்பவர்களுக்கு முன்னால் என் போனுக்கு வந்துவிடுகிறது. புதுப் படகின் எண்ணும் மனப்பாடம்தான். ஒற்றைப்படை; இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன், மூன்றாலும் வகுபடாது.

அதற்கு மேல் நான் போகவில்லை.