கண் பரிசோதனை அட்டையின் பின்பக்கம்

கண்ணாடிக்கடை அக்காவுக்குத் தன் தாத்தாவின் அப்பா பெயர் தெரியாது. ஐம்பது வயது வரை அதைப் பற்றி ஒரு கவலையும் பட்டதில்லை. யார்தான் படுகிறார்கள்? வருகிறவர்களின் மூக்கை அளந்து, ஃபிரேமுக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்தி, காது வலிக்கிறது என்பவருக்குக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுத்து, தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருந்தவள். அவளைப் போய் வம்சம் ஆராய வைத்தது ஒரு டாக்டரின் கேள்வி.

அவளுடைய அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஆரம்பத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பார். மனிதர் ரொம்ப பிஸி என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். போகப் போக நிற்பது அதிகமானது. கடைசியில் ஒருநாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் தங்கையைப் பார்த்தார், தங்கை அண்ணனைப் பார்த்தாள். அப்பாவும் மூச்சு வாங்கித்தான் போனார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கட்டாயம் விசாரித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். என்ன தொழில் என்றும் கேட்டார். அண்ணனுடையது லாரி பிரேக் பார்க்கிற பட்டறை. தாத்தா ஆரம்பித்தது. பட்டறை என்று சொன்னால் அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். “சொந்தக் கடை வெச்சிருக்கேன்” என்றார், அந்த நிலையிலும் நெஞ்சை நிமிர்த்தி. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அக்காவுக்கு அப்போதே பயம் பிடித்தது. அண்ணனை நினைத்து மட்டுமல்ல. அவள் பெற்ற ஒரே பிள்ளை மாமனை அப்படியே உரித்து வைத்தவன். மூக்கு, நடை, தெருவே திரும்பிப் பார்க்கும் தும்மல், எல்லாம் மாமன். அவனுக்குப் பட்டப்பெயரே குட்டி மாமா. படிப்பு ஏறாமல் சுற்றித் திரிந்தவனை அண்ணன் கையில் பிடித்துக் கொடுத்து, கூடவே வைத்துக்கொள் என்று கெஞ்சியவள் அவள்தான். அண்ணன் படுத்ததிலிருந்து பட்டறை அவன் பொறுப்பு. ‘மாமனைப் போலவே’ என்று யாராவது சொன்னால் இத்தனை காலம் உச்சி குளிர்ந்துபோவாள். இப்போது அதே பேச்சு வந்தால் சட்டென்று வேறு பேச்சுக்கு மாறினாள். மூக்கைக் கொடுத்த ரத்தம் நுரையீரலை மட்டும் கொடுக்காமலா விட்டிருக்கும்?

கடையில் ஓரம் கிழிந்த கண் பரிசோதனை அட்டை ஒன்று சும்மா கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டு, கீழே பையன் பெயர், அதற்கு மேல் தானும் அண்ணனும், அதற்கு மேல் அப்பா என்று எழுதிக்கொண்டே போனாள். தாத்தாவோடு பென்சில் நின்றுவிட்டது. முதலில் பெரியப்பாவை அப்பாவுக்கே அப்பாவாகப் போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழித்தாள். கண்ணாடி வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, பஸ் ரூட்டா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, அட்டை அப்படித்தான் இருந்தது. மூச்சு வாங்கிப் போனவர்களுக்கு ஃபிரேமில் விலை ஒட்டுகிற சிவப்புப் பொட்டு ஒன்று. அப்பாவுக்கு ஒட்டினாள். அண்ணன் உயிரோடு இருக்கிறாரே என்று கை கூசியது. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாள்.

பிறகு ஒவ்வொருவராகப் போனில் பிடித்தாள். சொந்தக்காரர்களிடம் செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் நல்லவர், வல்லவர், வாரி வழங்கினவர் என்று வாய் ஓயாமல் சொல்வார்கள். எப்படிச் செத்தார் என்று கேட்டுவிட்டால் போதும், அடுப்பில் பால் பொங்கிவிடும், வாசலில் ஆள் வந்துவிடும். பெரியப்பா மகள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

“உனக்கு வேற வேலை இல்லையா? பையனுக்குப் பொண்ணு பாக்குற நேரம். வம்சத்துலயே சீக்குன்னு வெளிய தெரிஞ்சா எவ கழுத்தை நீட்டுவா?”

அக்கா போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் குரல் இறங்கியது. தன் அப்பாவும் அப்படித்தான் போனாராம். மாரடைப்பு என்று வெளியில் சொல்லிக்கொண்டார்களாம். தாத்தாவும் அப்படியே என்று கேள்விப்பட்டிருக்கிறாளாம்.

பொட்டுகள் தாத்தாவில் தொடங்கி, பெரியப்பா, அப்பா, அண்ணன் என்று கீழே இறங்கின. அதற்குக் கீழே பையன் பெயர். அட்டையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். எழுத்துப் பக்கம் வெளியே தெரிந்தது, வாடிக்கையாளர்கள் சிரத்தையாகப் படித்தார்கள். அவளுக்குத்தான் எதுவும் கண்ணில் நிற்கவில்லை. வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். காலையில் பையன் பல் தேய்க்கும்போது லேசாக இருமினால் போதும், அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பயம், வெறும் பயம். யாரிடமும் சொல்ல முடியாத பயம்.

நடுவில் ஒரே ஒரு ஆறுதல், சித்தப்பா. இளவயதிலேயே தாத்தாவோடு முட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் காவல்காரராக இருந்தவர். உயிரோடு இருக்கிறாரா என்ற சந்தேகத்தோடுதான் போன் போட்டாள். மனிதர் சைக்கிளில் மார்க்கெட் போயிருந்தார். திரும்பக் கூப்பிட்டவர் மூச்சுவிடாமல் அரை மணி நேரம் தாத்தாவைத் திட்டினார். அதே ரத்தம்தானே, இவருக்கு மட்டும் எப்படித் தப்பியது? அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சித்தப்பாவை விட்டால் அந்தத் தலைமுறையில் மிச்சமிருந்தது அத்தை, அப்பாவின் தங்கை. அட்டையைச் சுருட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அத்தை தன் சோடாபுட்டிக் கண்ணாடியை, அதுவும் அக்கா போட்டுக் கொடுத்ததுதான், ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டை முழுக்க விரலை ஓட்டினார்.

“என் வீட்டுக்காரரு எங்கடி?”

இது ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கு மட்டும், மாமா வெளியிலிருந்து வந்தவர்தானே என்று அக்கா மென்று விழுங்கினாள். அத்தைக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. உங்கள் பட்டறையிலேயே ஆயுசு முழுக்க மாடாக உழைத்த மனிதருக்கு ஓரமாகக்கூட ஒரு இடமில்லையா என்று மூக்கைச் சிந்தினார். இதென்னடா வம்பு என்று அக்கா அத்தை பெயருக்குப் பக்கத்தில் மாமா பெயரை எழுதினாள். அத்தை விரலை எடுக்கவில்லை.

“பொட்டு வெக்கலையே. அவருக்கும் வெய்யி. உங்கப்பன் எப்படிப் போனானோ, அப்படித்தான் அவரும் போனாரு. படி ஏறுறப்ப செருப்பு வாரைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சு நிப்பாரு, பாவம்.”

அக்காவின் விரல் நுனியில் பொட்டு ஒட்டியபடியே நின்றது. மாமா உடம்பில் இவர்கள் ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. சித்தப்பா உடம்பு முழுக்க இதே ரத்தம்தான், அவர் சைக்கிள் மிதிக்கிறார். பொட்டு வாங்கினவர்கள் அத்தனை பேரும் பட்டறையில் நின்றவர்கள்.

ரத்தம் இல்லை! ஐயோ, ரத்தமே இல்லை என்று ஒரு கணம் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுகணமே பகீரென்றது. ரத்தமாக இருந்திருந்தால் எல்லோருக்குமா வரும், பிள்ளை தப்பிக்கவாவது வழி உண்டு. பட்டறை என்றால், அவன் இந்த நிமிஷம் அங்கேதான் நிற்கிறான். பழைய பிரேக் லைனிங் பட்டையைப் பெயர்த்து, புதியதை ரிவெட் அடித்து, கிரைண்டரில் தேய்த்து, சக்கர டிரம்மில் படிந்த தூளைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளுகிற வேலை. மாவு போன்ற சாம்பல் தூள், வாடைகூடக் கிடையாது. அதைப் புருவத்தில் சுமந்துகொண்டுதான் தினமும் வீட்டுக்கு வருகிறான்.

அத்தை வீட்டு வாசலில் நின்றே டாக்டருக்குப் போன் செய்தாள். கடை என்று அண்ணன் சொன்னது பிரேக் லைனிங் பட்டறையை என்றாள். டாக்டர் தொழிலை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, பழைய லைனிங்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருந்திருக்கும், அது உள்ளே போனால் வெளியே வராது, வருஷக்கணக்கில் காத்திருந்துதான் வேலையைக் காட்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

“இப்ப அங்க யாரும்மா வேலை பாக்குறாங்க?”

“எம் பையன்” என்றாள்.

பட்டறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பையன் டிரம்மை ஊதி முடித்துக் குழாயைக் கீழே போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தான். தோளில் சாம்பல் தூள். தட்டிவிடுவதற்கு அவள் கை தானாக உயர்ந்தது. தினமும் அப்படித் தட்டித்தானே துவைக்கப் போடுவாள்! கை அந்தரத்தில் நின்றது.

“சட்டையைக் கழட்டு. இங்கயே போடு.”

“என்னம்மா, ரோட்டுல எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டும்.”

அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றினான். பனியனோடு அவள் பின்னால் நடந்து வந்தான். வழியெல்லாம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பயப்படாதே என்றான், எனக்கு ஒன்றுமில்லை என்றான், கல்லு மாதிரி இருக்கிறேன் என்றான். அவளுக்கும் நம்ப ஆசைதான்.

அவர்கள் வீடு இரண்டாவது மாடி. அவனை முன்னால் ஏறவிட்டு, பின்னாலிருந்து மூச்சையே கேட்டுக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் அவன் நின்றான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லம்மா. மெசேஜ்.”

அவள் எட்டிப் பார்த்தாள். போன் அணைந்து கிடந்தது. வெறும் கறுப்புக் கண்ணாடி, அதில் அவன் முகம்.

கால் வலிப்பதுபோல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டாள்.

“எனக்கு முடியலடா. செத்த உக்காந்துட்டுப் போலாம், வா.”