மடைகளைப் பற்றிய மனு

விதி ஏழு தெளிவாகத்தான் இருந்தது: ‘படைப்பு பெறப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள், அது தேர்வானதா இல்லையா என்பது படைப்பாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்படும்.’ தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்று விதி சொல்லவில்லை. விதி எழுதுகிறவர்கள் அந்த வரியை எப்போதும் விட்டுவிடுவார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்த நானும் அந்த வரி இல்லாத வரைவுகள் பல எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாவட்டத்து ஓவியர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கண்காட்சி ஒன்றுக்கு நான் பன்னிரண்டு படங்கள் அனுப்பியிருந்தேன். என்னை ஓவியர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை.

கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றதும், சர்க்கரைக்காகக் காலையில் நடக்கச் சொன்னார் மருத்துவர். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் தாமிரபரணித் தண்ணீர் வருகிற கால்வாய் ஒன்று ஓடுகிறது. அதன் கரையில் நடந்தேன். கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஒரு மடையருகே நின்று, பலகையின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வயலுக்குள் புகுவதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொல்ல முயன்றேன். எந்தச் சிக்கலையும் கோப்பில் மூன்று பத்தியில் சொல்லிவிடுகிற எனக்கு அது வரவில்லை. மறுநாள் பென்சிலும் தாளும் கொண்டுபோனேன்.

முதல் படத்தில் மடை தபால் பெட்டி போல இருந்தது. முதல் வரைவு என்றால் அப்படித்தான். அதே மடையைத் தினமும் வரைந்தேன், கீழே தேதியும் சுருக்கொப்பமும் இட்டு. ஒரு தவறு மட்டும் தீரவே இல்லை. அலுவலகத்தில் தாளில் வெற்றிடம் விடக் கூடாது. பின்னால் யாராவது ஒரு வரியை நுழைத்துவிடலாம் என்று குறுக்கே கோடு இழுத்து மூடிவிடுவோம். என் கை படத்திலும் அதையே செய்தது. வெள்ளையாகத் தெரிந்த இடத்தையெல்லாம் கோடு போட்டு நிரப்பினேன். தண்ணீர் கோரைப்பாய் போலக் கிடந்தது. இருபதாவது நாளோ என்னவோ, தூறல் விழுந்ததால் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் எடுத்துப் பார்த்தால், நான் தொடாமல் விட்ட இடத்தில் தண்ணீர் இருந்தது. கரையையும் பலகையையும் சரியாக வரைந்துவிட்டால் தண்ணீரை வரைய வேண்டியதில்லை. ஓவியம் படித்தவர்களுக்கு இது முதல் வாரப் பாடமாக இருக்கலாம். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அறுபது வயதில் நானாகவே கண்டுபிடித்தேன்.

பிறகு கால்வாய் நெடுக நடந்து பன்னிரண்டு மடைகளை வரைந்தேன். “ரிடையர் ஆனவங்க கோயிலுக்குப் போறாவ, நீங்க மடைக்குப் போறிய” என்றாள் மனைவி. பழைய சக ஊழியர்கள் படங்களைப் பார்த்து ஓகோ என்றார்கள். அவர்களுடைய ஓய்வூதியத் தாள்களை நான்தான் சரிபார்த்துக் கொடுக்கிறேன் என்பதால் அந்தப் புகழ்ச்சியை நான் கணக்கில் எடுக்கவில்லை. என்னைத் தெரியாத ஒருவர் பார்த்து, இது படம்தான் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கண்காட்சி அறிவிப்பைப் பார்த்ததும் அனுப்பினேன்.

அனுப்பிய விதத்தில்தான் தவறு. பன்னிரண்டு தாள்களுக்கும் பக்க எண் இட்டு, ஓரத்தில் துளையிட்டு, நாடா கோத்து, பொருளடக்கம் வைத்தேன். முகப்புக் கடிதத்தில், ‘பொருள்: பாசனக் கால்வாய் – மடைகள் பன்னிரண்டு – தற்போதைய நிலை – படங்கள் சமர்ப்பித்தல் – தொடர்பாக’ என்று எழுதினேன். அப்படி ஒரு வரியைப் பார்க்கும் தபால் பிரிவு எழுத்தர் என்ன செய்வார்? பாசனப் பிரிவுக்குத் தள்ளுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். முப்பது நாள் கழித்து நான் அனுப்பிய முதல் நினைவூட்டுக் கடிதமும், அதற்குப் பின் இரண்டாவதும், அதே பொருளைத் தாங்கி அதே கோப்பில் போய் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. தேர்வாகவில்லை, அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்றே நினைத்தேன். இரண்டு வாரம் பென்சிலைத் தொடவில்லை. நடக்கவும் எதிர்த் திசையில் போனேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், பாசனப் பிரிவின் உதவிப் பொறியாளர் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதிருக்கும் பெண். கூடவே மடைகளைத் திறந்து மூடுகிற லஸ்கர். பொறியாளர் கையில் என் படங்கள். என் மனுவை விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னார். எந்த மனு என்று கேட்டேன். கடிதத்தைக் காட்டினார். என் கையெழுத்தில், என் நடையில், குறையே சொல்ல முடியாத ஒரு மனு.

ஏழாவது படத்திலுள்ள மடை அவர்களுடைய வரைபடத்தில் இல்லையாம். லஸ்கரும் பார்த்ததில்லையாம். கூட்டிக்கொண்டு போனேன். கோரையையும் உடைமுள்ளையும் விலக்கினால், கல் மடை அப்படியே இருந்தது.

“பத்து வருசமா இங்கனதான் நடக்கேன் அண்ணாச்சி, என் கண்ணுல படலியே” என்றார் லஸ்கர்.

“நடந்தா படாதுவே, உட்காரணும்” என்றேன். அந்தக் கர்வத்தை நான் மறைக்கவில்லை.

பொறியாளர் மடையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கேட்டார்: “இதுல தண்ணிக்கு ஒரு கோடுகூட இல்லியே சார். ஆனா ஓடுதே, எப்படி?”

முப்பத்து நான்கு ஆண்டு பணியில் எனக்குப் பாராட்டுக் குறிப்புகள் வந்ததுண்டு. பெரும்பாலும் அவற்றின் வரைவை எழுதியதும் நான்தான். இந்தக் கேள்வி அப்படி வந்ததல்ல. தூறல் விழுந்த அந்த நாளிலிருந்து தொடங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன், படங்களை உண்மையில் கண்காட்சிக்கு அனுப்பியது உட்பட. சிரிப்பை அடக்கிக்கொண்டு, அங்கேயே கரையில் நின்று கோப்பில் எழுதினார்: ‘நேரில் விசாரிக்கப்பட்டது. இது மனு அல்ல, ஓவியம். உரிய பிரிவுக்கு மாற்றலாம்.’ அந்த உத்தரவின் நகலை முறைப்படி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

கண்காட்சி அதற்குள் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. தாமதத்தால் நன்மை அடைந்தவர்கள் பட்டியல் ஒன்று எடுத்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டில் ஏழாவது உட்பட மூன்று படங்கள் சுவரில் மாட்டத் தேர்வானதாகக் கடிதம் வந்தது. மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எந்த மூன்று என்று காட்டச் சொன்னாள். கடிதத்தின் மூலையில், கிடைத்த நாளை வழக்கம் போல நானே குறித்தேன்: பிப்ரவரி பத்தொன்பது, முற்பகல்.