வேது வெந்நீர்க் குழாய்

பைப்பு யேசுரத்தினத்துக்குப் பேயின்மேல் நம்பிக்கை கிடையாது. மனிதர்கள்மேலும் பெரிதாகக் கிடையாது. இலங்கைத் தேயிலை ஆலைகளில் கொதிகலன்களோடு மல்லுக்கட்டிவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வெந்நீர்க் குழாய் வைத்த வீடுகள் அந்தப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்த வீட்டில் மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் ஆள் போகும். வந்ததும் குழாயில் காதை வைத்துக் கேட்பார், பிறகு வீட்டுக்காரரைத் திட்டுவார். பாதிப் பழுது திட்டிலேயே சரியாகிவிடும் என்று அவர் மனைவி குளோரி சொல்வதுண்டு.

ஆரல்வாய்மொழியில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் பூதலிங்கம் பிள்ளை வீட்டிலிருந்து ஆடி மாதத்தில் அழைப்பு வந்தது. கணவாய்க் காற்று கூரையோட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சைவ வீடு, யேசுரத்தினத்துக்குப் புறவாசல்தான். நீ உள்ளே வராதே, வெந்நீரை மட்டும் வரச்செய் என்கிற மரியாதை. நல்லவேளையாக வேலையும் வெளியில்தான் இருந்தது. குளியலறைச் சுவரை ஒட்டி உயரமான செங்கல் அடுப்பு, அதன்மேல் பெரிய செம்பு அண்டா. அண்டாவின் அடியிலிருந்து இரும்புக் குழாய் ஒன்று சுவரைத் துளைத்து உள்ளே போனது.

"பச்சத் தண்ணி நல்லாக் கொட்டுது. வென்னி மட்டும் நூலா வருது. வாரதுக்கு முன்னால மூச்சு விடுது" என்றார் பூதலிங்கம். குரலைத் தாழ்த்தி மீதியையும் சொன்னார். மூத்த மகள் தாணம்மாள் போன வருடம் தலைப்பிரசவத்தில் இதே வீட்டில் இறந்துபோனாள், பிள்ளையும் தங்கவில்லை. இப்போது இளையவள் பகவதி பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். குளியலறையில் அக்காள் இருக்கிறாள் என்று மிரண்டு, நாளைக் காலையில் புருஷன் வீட்டுக்குப் போக வண்டி கட்டச் சொல்லிவிட்டாள். மாதம் நெருங்கிய நேரத்தில் வண்டி குலுங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தாள்.

"பேய்க்கு வென்னி எதுக்கு ஐயா?" என்றார் யேசுரத்தினம்.

பகவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உச்சி நேரத்துல கதவு சாத்திக் கெடக்கும். உள்ள தண்ணி விழுத சத்தம் கேக்கும். வேது வென்னி மணம் வரும்" என்றாள்.

வேது வெந்நீர் என்பது பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் புளியிலையும் அவித்து ஊற்றும் குளி. இப்போது பிள்ளை பெற்றவள் யாரும் இல்லாத வீட்டில் அந்த மணத்துக்கு வேலையில்லை. யேசுரத்தினத்துக்கு முதுகு சில்லிட்டது. அதை மறைக்க, குழாய் பொருத்தியவனின் பரம்பரையையே திட்டினார்.

அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயில் காதை வைத்தார். உள்ளே ஏதோ இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. வெளியே காற்று அடங்கிய பிறகும் விட்டது. இரும்புக்கு மூச்சு கிடையாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் காதை எடுத்துவிட்டார்.

அண்டாத் தண்ணீரை வடித்து, குழாயைக் கழற்றி, அதன் வாய்க்குள் விரலை விட்டார். சூடாக, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுக்க இழுக்க வந்தது. இலை. கறுத்து ஊறிய பழைய இலை, அதன்மேல் இன்னும் பச்சை மாறாத இலை.

நிமிர்ந்தபோது பகவதியின் தாய் அழகியநாயகி எதிரே நின்றாள். மடியில் நொச்சிக் கொத்து.

"அதத் தூர எறியாதேயும். மூத்தவ குளிக்காமப் போனா. பெத்த உடம்புல ஒரு செம்பு வென்னி விழல. பாடையில வைக்கதுக்கு முன்னால பச்சத் தண்ணியத்தான் ஊத்தினாவ. குளுராதா? அதான் உச்சிக்கு நான் தெறந்து விடுதேன். வந்து குளிச்சிட்டுப் போறா."

"யாரு வாரா அம்மா?"

"எம் பிள்ள தாணுதான்" என்றாள், பக்கத்து வீட்டுக்காரி வந்துபோனதைச் சொல்வதுபோல.

யேசுரத்தினத்துக்குத் திட்ட வாய் வரவில்லை. அழுகை வந்தது, பயமும் வந்தது. "எலதான் குழாய அடைச்சுப்போட்டுது. இளையவ பயந்து கெடக்கா அம்மா. நாளைக்கு வண்டியில அவளுக்கு ஏதாவது ஆனா, பிறகு ரெண்டு பேருக்கு வென்னி போடணும்" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பகவதி ஜன்னலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவர் குழாயைக் குத்திக் கழுவினார். இனி இலை இறங்காதபடி ஓட்டை போட்ட செம்புத் தகடொன்றை அண்டாவுக்குள் குழாயின் வாயில் வைத்து, எல்லாவற்றையும் மாட்டி, தண்ணீர் நிறைத்துத் தீ மூட்டினார். ஆவி வந்ததும், அவர் தடுக்குமுன் அழகியநாயகி மடியிலிருந்த நொச்சியை அண்டாவில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போனாள். சுவருக்கு அப்பால் குழாய் திறந்தது. வெந்நீர் முழு வேகத்தில் விழுந்தது. பிறகு இன்னொரு காலடி கேட்டது.

"அம்மா, எனக்கு விடு" என்றாள் பகவதி. குளிக்க உட்காரும் பலகை இழுபட்டது.

"தாணு, தலையக் குனி மக்கா" என்றது தாயின் குரல்.

யேசுரத்தினம் ரெஞ்சைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"சரிம்மா" என்று பதில் வந்தது.

மறுநாள் வண்டி கட்டவில்லை. பகவதி அந்த வீட்டிலேயே ஆண்பிள்ளை பெற்றாள். அன்று பதில் சொன்னது பகவதியின் குரல்தான் என்று யேசுரத்தினம் சாகும்வரை சத்தியம் செய்துகொண்டிருந்தார், யாரும் கேட்காமலே.