ஆனையின் முன்பக்கம்

எங்கள் வீட்டில் அதற்கு ஆனைக் கோயில் என்றுதான் பெயர். ஊரில் மற்றவர்கள் சிவன் கோயில் என்பார்கள். அவர்கள் முன்னாலிருந்து பார்த்தவர்கள், நாங்கள் பின்னாலிருந்து பார்த்தவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்துக் கழனிகளில் தலைமுறை தலைமுறையாக நடவும் அறுப்புமாக இருந்த குடும்பம் எங்களுடையது. வரப்பில் நின்று நிமிர்ந்தால் மதிலுக்கு மேலே விமானத்தின் பின்புறம் தெரியும். மற்ற கோயில்களைப் போல் சதுரமாக எழும்பாமல், படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி உருண்டு வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று அதற்குப் பெயர் உண்டு என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

நடவு முடிந்த அன்று அம்மா வரப்பில் ஒரு கல்லின் மேல் சூடம் ஏற்றி அந்த முதுகைப் பார்த்துக் கும்பிடுவாள். "சாமி ஆனை மேல சாஞ்சிகினு கீறாரு" என்பாள். ஆனை எப்போது இந்தப் பக்கம் திரும்பும் என்று நடவு நேரத்தில் கேட்டால் நாற்றுக் கட்டுதான் கைக்கு வரும்.

அறுபதுகளின் கடைசியில் நைனாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு எட்டு வயது. வேலைக்குச் சேர்ந்த மறு ஞாயிற்றுக்கிழமை காலையில், லீவு நாளென்றும் பாராமல், அவர் காக்கிச் சட்டையும் பேண்ட்டும் மாட்டிக்கொண்டு நின்றார்.

"வா கண்ணு, ஆனைய முன்னாலேருந்து பாத்துட்டு வரலாம்."

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எல்லோரும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. ஆனாலும் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் அந்த வாசலை மிதித்ததில்லை.

"உனுக்கு இன்னாத்துக்குயா இந்த வம்பு? வரப்புலேர்ந்து கும்புட்டா சாமிக்குக் கேக்காதா?"

"காக்கி போட்டவன எவனும் யாருன்னு கேக்கமாட்டான்மே" என்றார் நைனா. அம்மா வரவில்லை.

கோபுரத்தைப் பார்த்ததும் அண்ணாந்து அண்ணாந்து பின்னால் சாய்ந்து விழப் போனேன், நைனா பிடித்துக்கொண்டார். உள்ளே மண்டபத்தில் கால் வைத்தால் கல் ஏரித் தண்ணீரைப் போல் சில்லென்றிருந்தது. எண்ணெயும் வௌவாலும் கலந்த வாசனை. எத்தனை தூண்கள்! ஒன்றில் குரங்கு பழம் தின்றது, ஒன்றில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். இன்னொன்றில் மாடும் யானையும் ஒரே தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் கையால் மறைத்தால் மாடு, அந்தப் பக்கம் மறைத்தால் யானை. கல்லில் இப்படிக்கூடச் செய்யமுடியுமா என்று மாற்றி மாற்றி மறைத்துக்கொண்டே இருந்தேன். நைனாவும் குனிந்து ஒருமுறை மறைத்துப் பார்த்தார். ஆனால் என் கையை மட்டும் விடவில்லை, வலிக்கிற மாதிரி பிடித்திருந்தார்.

சந்நிதியில் குருக்கள் தீபாராதனைத் தட்டோடு வெளியே வந்தார். காக்கியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊருப்பா?"

"அம்பத்தூர் சாமி. கம்பெனில கீறேன்."

பாவம், புது வேலை, நைனாவுக்குச் சொந்த ஊரே மறந்துவிட்டது என்று நினைத்தேன். சாமிக்கு எதிரில் தப்பாகச் சொல்லலாமா?

"இல்ல சாமி, நாங்க இதே ஊருதான். எங்க ஊடு கழனிக்கு அந்தாண்ட கீது" என்றேன் உரக்க.

குருக்களின் கை நின்றுவிட்டது. தட்டில் சூடம் எரிந்து அடங்குகிற வரை மூவரும் அப்படியே நின்றோம். பிறகு குருக்கள் எட்ட நின்றபடியே விபூதியை நைனாவின் கையில் போட்டு, "பிரகாரம் சுத்திண்டு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு வேலை அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்பக்கம் போனதும் நான் எல்லாவற்றையும் மறந்தேன். வரப்பிலிருந்து கையளவு தெரிந்த முதுகு தலைக்கு மேலே மலையாக எழுந்து நின்றது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நகம்கூட நுழையவில்லை. எங்கேயும் ஒரு மூலை இல்லை, பார்வை வழுக்கிக்கொண்டே போயிற்று. அது மூச்சு விடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். நைனா சந்தையில் மாடு பிடிக்கிறவரைப் போல அந்த வளைவு முழுக்கத் தடவிக்கொண்டே நடந்தார். "யம்மாடி, இம்மாம் பெருசா!" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. பெரிய பொருளைப் பார்த்தால் பெரியவர்களுக்கும் பயம் வரும் போலும்.

வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். நான் ஓடிப்போய் என் பெருமையைத்தான் முதலில் அவிழ்த்தேன். நைனா ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னதையும் நான் திருத்தியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பளீரென்று ஓர் அறை விழுந்தது. பொய் சொன்னதற்கு அம்மாவிடம் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். உண்மையைச் சொல்லி வாங்கியது அன்றுதான். ஏங்கி ஏங்கி அழுதேன்.

நைனா காக்கிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். "புள்ளைய ஏம்மே அடிக்கிற? அது சொன்னதுல இன்னா தப்பு?" என்றார். கடைசிப் பொத்தானையும் கழற்றிவிட்டு, "அடுத்த வாட்டி நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. எதைச் சொல்லப்போகிறார், அதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்று ஒன்றும் விளங்கவில்லை. ஆனையைப் பார்க்க மறுபடியும் போகப்போகிறோம் என்பது மட்டும்தான் விளங்கியது.