செவலைக்குப் பிடித்த ஏச்சு

நாவலப்பிட்டி மழைக்குப் பேர் போன இடம். வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரைக்கும் அதனிடம் நியாயம் கேட்க முடியாது. அந்த வருஷம் அது கோபித்துக்கொண்டு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்துவிட்டது, எழுந்திருக்கிற பேச்சே இல்லை.

எங்கள் வீடு டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிகிற சரிவில் இருக்கிறது. அரை ஏக்கருக்கும் குறைவான நிலம். இரண்டு அறை, ஒரு அடுப்படி, அடுப்படிச் சுவரோடு ஒட்டினாற்போல் தகரம் போட்ட மாட்டுக் கொட்டகை. அதில் ஒரு செவலைப் பசுவும் அதன் கன்றும். பிறகு இரண்டு ஆடு, கொஞ்சம் கோழி, ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர். கடைசியாகச் சொன்னதைப் பராமரிப்பதுதான் கஷ்டம்.

அவர் காலமெல்லாம் கண்டி ரோட்டில் பஸ் ஓட்டியவர். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருகிற மனிதரோடு குடும்பம் நடத்துவது சுலபம் என்று அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மழை பிடித்ததும் அடுப்பங்கரையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆடுகள் விறாந்தைக்கு வந்தன. கோழிகள் விறகுக்குப் பக்கத்தில் ஒண்டின. துணி காயவில்லை, விறகு காயவில்லை, அலுமாரிக்குள் கல்யாணச் சேலையில் பூஞ்சணம் பூத்தது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்தது, மூடினால் மூத்திர வாடை. சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு புல் அறுக்கப் போய்த் திரும்பினால் காலில் அட்டை தொங்கும். நான் வெளியே போனதெல்லாம் அவ்வளவுதான். எனக்கு மூச்சு முட்டியது. ஒருநாள் சும்மா கேட் வரைக்கும் போய் நனைந்துகொண்டு நின்றுவிட்டு வந்தேன். போவதற்கு ஒரு இடமும் இல்லை, ஆனாலும் நின்றேன்.

உண்மையில் போவதற்கு ஒரு இடம் இருந்தது. அதுதான் என்னைத் தின்றது. எங்கள் ஒரே மகளைத் தெல்தெனியப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் அப்போது தலைப்பிரசவத்துக்கு இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் எங்கள் சரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். "இந்த மழையில அவளை மலைக்கு அனுப்ப மாட்டேன் அத்தை" என்றார் மருமகன். அவர் சொன்னதில் பிழை இல்லை. அவருக்குத் தாயும் இல்லை, அந்த வீட்டில் பெண் துணையே கிடையாது. "நான் வந்துர்றேன், நீ பயப்படாத" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகு கொட்டகையைப் பார்த்தேன்.

செவலை என் கைக்கு மட்டும்தான் பால் இறக்குவாள். வேறு யார் உட்கார்ந்தாலும் கன்றுக்குக் கொஞ்சம் காட்டிவிட்டு மிச்சத்தை ஒளித்துக்கொள்வாள். இரண்டு வேளை கறக்காமல் விட்டால் மடி கல்லாகிவிடும், காய்ச்சல் வரும். முன்பு வைத்திருந்த பசு ஒன்று அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அந்த மழையில் அவளை விற்பதாக இருந்தாலும் வழுக்குகிற பாதையில் இறக்கிக் கொண்டுபோக ஆள் வராது.

அவர் முயற்சி பண்ணாமல் இல்லை. "எத்தனை பஸ்ஸை அடக்கியிருக்கேன், இது என்ன" என்று வாளியோடு போனார். ஒரே உதை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அவர் மீசையில் ஒட்டியிருந்தது சாணி.

மேல் லயத்துத் தோட்ட வரிசை வீட்டு அக்கா கொழுந்து எடுக்கப் போகிற வழியில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அண்ணனுக்கு உன் நைட்டியைப் போட்டு விடு. தோய்க்காத நைட்டியா பாத்துக் குடு. மாடு மூஞ்சியையா பாக்குது, வாடையத்தான் பாக்குது. எங்க வீட்டுல அப்படித்தான் பழக்குனோம்" என்றாள். நான் வந்து சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார், ஆடு கேட்டுவிடும் என்பதுபோல.

"டவுன்ல நாலு பேர் நமக்கு மரியாதை தர்றாங்க" என்றார்.

"மரியாதையைக் கறந்து குடிங்க" என்றேன்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மனிதர் ஒரு நைட்டியைப் போட மறுப்பதால் நான் பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியாமல் கிடக்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல? செவலையிடம்தான் சொன்னேன். கறக்கும்போது பாட்டு முணுமுணுக்கிற பெண்கள் உண்டு. நான் ஏசுவேன். மடியில் கை வைத்ததும் ஆரம்பித்து, வாளி நிரம்பும் வரைக்கும் ஏசுவேன். அவர் தேத்தண்ணி, அவர் ஈரத் துண்டு, அவர் குறட்டை, நான் அவரைக் கட்டி வந்த நாள், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் என் பேச்சு எனக்கே பாதிதான் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கதிரையில் அவர் இருப்பார்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நினைத்துத் தாராளமாக ஊதினேன்.

ஆவணி பிறந்து சில நாளில், மத்தியானம், மருமகன் போன் எடுத்தார். மகளுக்குக் கால் வீங்கி, கண்டி ஆஸ்பத்திரியில் உடனே சேர்க்கச் சொல்லிவிட்டார்களாம். அவள் போனை வாங்கி, "அம்மா, வருவீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் பாதை முடிகிற இடத்தில் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. ஆனால் மண்ணில் ஏறிக் கடந்தால் அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஓடுகிறது என்று தெரியும். நான் பையை எடுத்தேன்.

"நான் போறேங்க. மாடு என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றேன். செவலையின் மடி அந்நேரத்துக்கே கனத்திருந்தது, பின்னேரக் கறவைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் கதிரையை விட்டு எழுந்தார். பிறகு, "கழட்டிப் போட்ட நைட்டி எங்க?" என்றார்.

நீலப் பூப்போட்ட நைட்டி. தோளில் இறுக்கிப் பிடித்தது, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது, மேலே அந்த மீசை. வேறு நாளாக இருந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. என் துண்டை நான் கட்டுகிற மாதிரியே அவர் தலையில் கட்டிவிட்டேன். அவர் வாளியோடு கொட்டகைக்குள் போனார். என்னைக் கண்டால் செவலை அவரை அண்ட விடமாட்டாள் என்பதால் நான் அடுப்படியில், அவர் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, சுவர்ப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

செவலை முகர்ந்தாள். உதைக்கவில்லை. அவர் உட்கார்ந்தார், கை வைத்தார். ஒரு சொட்டும் இறங்கவில்லை. திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். அவளுக்கு ஏதோ குறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அவர் ஆரம்பித்தார்.

"எந்திரிச்சா தேத்தண்ணி, உக்காந்தா தேத்தண்ணி" என்றார், என் குரலை இழுத்துக்கொண்டு. "ஈரத் துண்டைக் கதிரையில போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? செவுத்துக்கிட்ட சொல்லியிருந்தா அதாவது கேட்டிருக்கும்."

செவலை காதைத் திருப்பினாள். வாளியில் பால் விழுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டது என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றால், கொட்டகைக்குள் விழுகிற பால்கூடத் தெளிவாகக் கேட்கிறது. ஒரு சொல் தப்பவில்லை. இந்த மழைக்காலம் முழுக்க அவர் இங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

பால் இறங்கிவிட்டது, அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் எந்த நாளோ சொல்லி நானே மறந்துபோனதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். கடைசியில், "ஊரையே ஏத்தி இறக்குனாரு. கட்டினவளை ஒருநாள் முன் சீட்டுல ஏத்தி, வா ஒரு ஊரைப் பாத்துட்டு வருவோம்னு கூட்டிட்டுப் போயிருப்பாரா?" என்றார். அதை மட்டும் அவர் என் குரலில் சொல்லவில்லை.

போய்வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை. என் குரல் கேட்டால் செவலை நிறுத்திவிடுவாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினேன். சரிந்த மண்ணில் முழங்கால் வரைக்கும் புதைந்தது, யாரோ கை கொடுத்தார்கள். அந்தப் பக்கம் பஸ் நின்றது. முன் சீட் காலியாக இருந்தது. நானே போய் உட்கார்ந்தேன். அத்தனை நாள் வெளியே வர ஏங்கியிருந்தும், கண்டி குட்செட் பஸ் நிலையம் வரும்வரைக்கும் வெளியே எதையும் பார்க்கவில்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. ஒவ்வொரு பின்னேரமும் அவருக்குப் போன் எடுத்து, செவலை பால் இறக்கினாளா என்று கேட்பேன். இறக்கினாள் என்பார். ஒரு வாரம் போனபிறகு ஒருநாள், "இன்னைக்குக் கொறைவு" என்றார். "இருந்த ஏச்செல்லாம் முடிஞ்சிருச்சு. ஒண்ணையே கேட்டு அவளுக்கும் சலிச்சிருக்கும். புதுசா ஏதாவது இருந்தா சொல்லு."

மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"அந்த முன் சீட்டையே இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"அதைத்தான் தெனமும் முதல்ல சொல்றேன்" என்றார்.