காட்டுக்குப் போட்ட கையெழுத்து

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில், பலெர்மோவின் சீசாப் பகுதிச் சேர்ச்சில் எங்கள் தமிழ்ப் பூசை முடிந்த ஒரு ஞாயிறு. மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். கனடாவின் வடக்கில் கனகாலம் ஊழியம் செய்து லீவில் வந்திருந்த பலெர்மோச் சுவாமி ஒருவர் உள்ளே வந்தார். கூட ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். அந்த வடக்கின் ஆதிக்குடி. அவர்களுடைய காட்டை ஊடறுத்து மின்கம்பி இழுக்க ஒரு கம்பனி திட்டம் போட்டிருக்கிறதாம். விசாரணைக் கூட்டத்துக்கு முதல் கையெழுத்துச் சேர்க்கிறார்களாம்.

அவர் சொன்னதைச் சுவாமி இத்தாலியனில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். என் இத்தாலியன் நான் வீட்டுவேலை செய்யும் சிஞ்ஞோராவின் குசினியில் படித்தது. வெங்காயத்துக்குக் காணும், காட்டுக்குக் கொஞ்சம் தடுமாறும்.

"பொறு பொறு," என்றார் ஒரேத்தோவிலிருந்து வரும் அண்ணர், வாயில் றோல்சோடு. "யாழ்ப்பாணத்தில சனம் ஜாம் போத்தல் விளக்கோட குந்தியிருக்கு. இவ கரண்டுக் கம்பி வேண்டாமெண்டு நிக்கிறா. அதை எங்கட பக்கம் இழுத்துவிடச் சொல்லு."

மண்டபம் சிரித்தது. என்ன பகிடி என்று அந்தப் பெண் கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"கம்பி எங்களுக்கு மேலால தெற்கில இருக்கிற நகரங்களுக்குப் போகும். எங்கட வீட்டிலயும் விளக்குத்தான். கம்பிக்குக் கீழ அகலமா மரம் வெட்டுவினம். அந்த வெளியைக் கடக்க எங்கட மானுக்குப் பயம். மான்தான் எங்கட சாப்பாடு. அது வராட்டி நாங்கள் அங்கை இருக்கேலாது."

பலாலிப் பக்கம் வீட்டையும் தோட்டக்காணியையும் ஆமியிடம் பறிகொடுத்த அக்கா ஒருவர் பின்னால் இருந்தார். "உங்களிட்டைக் கேட்டவங்களோ?" என்றார்.

"இல்லை. வரைபடத்தில கோடு கீறிப்போட்டுத்தான் வந்தவை."

அக்கா எழும்பிப் பேனை கேட்டார். "தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்," என்று அண்ணரைப் பார்த்துச் சொன்னார்.

"போடமாட்டன் எண்டு ஆர் சொன்னது?" என்று அண்ணர் கையைத் துடைத்தார்.

இந்த நாட்டில் எந்தப் பேப்பரில் பெயர் எழுதினாலும் பக்கத்தில் பெர்மெசோ இலக்கமும், அதுதான் இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தின் இலக்கமும், எழுதிப் பழகின சனம் நாங்கள். அக்கா அதையும் எழுதினார். பின்னால் நின்றவர்களும் பார்த்து எழுதினார்கள். பெர்மெசோவை வீட்டில் விட்டுவிட்டு வந்த அண்ணர், பஸ் பிடித்து ஒரேத்தோ போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் சுவாமி கவனித்தார். இலக்கம் தேவையே இல்லை, இதைச் சாட்டி அங்கே தாளைத் தள்ளிவிடுவார்களோ என்று தலையில் கை வைத்தார். அழிக்க நாங்கள் ஆயத்தம். அந்தப் பெண்தான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "இருக்கட்டும்."

அடுத்த தவக்காலம் சுவாமியின் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். இது என்ன இலக்கம் என்று கூட்டத்தில் கேட்டார்களாம். "இவர்கள் தாங்கள் நிற்கிற நிலத்தில் நிற்கவே அனுமதி எடுத்தவர்கள். எங்கள் நிலத்துக்கு வந்தவர்கள் எங்களிடம் கேட்கவேயில்லை," என்றாராம் அந்தப் பெண். தாளைத் தள்ளவில்லை. மின்கம்பியை ஏற்கெனவே இருக்கிற றோட்டுப் பக்கமாகத் திருப்பலாமா என்று பார்க்கிறார்களாம். முடிவு இன்னும் இல்லை. இந்தக் குளிருக்கு மரம் ஒன்றும் விழவில்லை, மான் வந்தது.

"பாத்தியளே," என்றார் அண்ணர். "எனக்கு முதல் என்ர பெர்மெசோ கனடா போயிட்டுது."

எல்லாரும் சிரித்து ஓயுமட்டும் அக்கா பொறுத்திருந்தார். "மான் வந்த இடத்தை இன்னொருக்கா வாசி," என்றார்.

வாசித்தேன்.